நம் கடைச் சரக்கில் உள்ள மக்னீசியம்



காலை வியாபாரம் சற்று ஓய்ந்த நேரம். வாடிக்கையாளர் ஒருவர் கையில் சீட்டோடு வந்து நிற்கிறார். "அண்ணாச்சி, மக்னீசியம் உள்ள சாப்பாடாச் சேர்த்துக்கச் சொல்லி டாக்டர் எழுதியிருக்காரு. உங்ககிட்ட இருக்குமா?" என்று கேட்கிறார். நம்மில் பலர் என்ன பதில் சொல்வோம்? "அதெல்லாம் மருந்துக் கடையில கேளுங்க" என்று கை காட்டி அனுப்பிவிடுவோம். அவரும் போய்விடுவார். அவர் தேடி வந்த பொருளோ நமக்குப் பின்னால் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். எள், நிலக்கடலை, கேழ்வரகு, பாசிப்பயறு, உளுந்து எல்லாமே மக்னீசியம் நிறைந்த சரக்குகள்தாம்.

விற்கும் பொருளின் விலையும் ரகமும் நமக்கு அத்துபடி. அதற்குள் என்ன இருக்கிறது என்பதையும் ஓரளவு தெரிந்து வைத்துக்கொள்வது இன்றைய வணிகருக்கு அவசியமாகிவிட்டது. அதோடு, நாள் முழுதும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம் உடம்புக்கும் இந்தப் பாடம் தேவை. எனவே இம்முறை மக்னீசியம் பற்றிப் பார்ப்போம்.

மக்னீசியம் என்பது என்ன?

இது ஓர் உலோகம். கிரேக்க நாட்டில் மக்னீசியா என்னும் பகுதியின் பெயரிலிருந்து இதன் பெயர் வந்தது. 1755இல் ஜோசப் பிளாக் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி, மக்னீசியாவும் சுண்ணாம்பும் வெவ்வேறு பொருள்கள் என்று எடுத்துக் காட்டினார். 1808இல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கிலேயர் இந்த உலோகத்தை முதன்முதலில் பிரித்தெடுத்தார்.

நமக்கும் இது புதிய பொருளல்ல. சேலத்துக்கு அருகில் வெட்டியெடுக்கப்படும் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், மக்னீசியத்தின் கார்பனேட்தான். மருந்துக் கடையில் பேதி உப்பு என்று கொடுப்பதும், பருத்தி இலை சிவந்து போகாமல் இருக்க விவசாயிகள் தெளிப்பதும் மக்னீசியம் சல்பேட்டே.

மழைக்காலத்தில் கல் உப்பு மூட்டை நீர் விட்டுத் தரையெல்லாம் ஈரமாவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இதற்கும் மக்னீசியமே காரணம். கடல் நீரிலிருந்து எடுக்கும் உப்பில் சிறிதளவு மக்னீசியம் குளோரைடு ஒட்டிக்கொண்டிருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நன்றாகக் கழுவிச் சுத்தம் செய்த உப்பு அவ்வளவாக நீர் விடாததன் காரணம் இதுதான். ஆனால் இதே மக்னீசியம் கார்பனேட் வடிவில் இருந்தால் உப்பு கட்டியாகாமல் காக்கும். அமெரிக்காவில் மார்ட்டன் உப்புக் கம்பெனி 1911இல் இதைக் கலந்து, மழை நாளிலும் கொட்டக்கூடிய உப்பு என்று விற்றுப் பெயர் பெற்றது.

இன்னொரு செய்தி. மனித இரத்தத்தின் சிவப்புக்கு நடுவில் இரும்பு இருப்பதுபோல, இலையின் பச்சைக்கு நடுவில் இருப்பது மக்னீசியம். ஆகவேதான் கீரை வகைகளில் இது இருக்கிறது.

உடம்பில் இதற்கு என்ன வேலை?

வளர்ந்த மனிதனின் உடம்பில் சுமார் 25 கிராம் மக்னீசியம் இருக்கிறது. இதில் பாதிக்கு மேல் எலும்பில் உள்ளது. மீதியில் பெரும்பகுதி தசைகளிலும் மற்ற உறுப்புகளிலும் இருக்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதியில் இருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

இதைக் கடைக் கணக்கில் சொன்னால் எளிதாகப் புரியும். எலும்பு கிடங்கு, இரத்தம் கல்லாப்பெட்டி. கல்லாவில் சில்லறை குறைந்தால் கிடங்குச் சரக்கை விற்றுக் கல்லாவை நிரப்புவது போல, இரத்தத்தில் அளவு குறையும்போது எலும்பிலிருந்து எடுத்து உடம்பு ஈடுகட்டுகிறது. எனவே இரத்தப் பரிசோதனையில் அளவு சரியாக இருப்பதாலேயே கிடங்கு நிறைந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

உடம்பில் நடக்கும் 300க்கும் மேற்பட்ட இரசாயன வேலைகளுக்கு மக்னீசியம் துணை நிற்கிறது. உண்ட உணவைச் சக்தியாக மாற்றுவது, தசை இறுகித் தளர்வது, நரம்பு செய்தி கொண்டு போவது, இதயம் சீராகத் துடிப்பது, இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருப்பது ஆகிய எல்லாவற்றிலும் இதற்குப் பங்குண்டு.

எவ்வளவு தேவை?

நாட்டுக்கு நாடு பரிந்துரை சற்று மாறுகிறது. பொதுவாக வளர்ந்தவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 300 முதல் 450 மில்லிகிராம் வரை என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கக் கணக்கில் ஆண்களுக்கு 400 முதல் 420, பெண்களுக்கு 310 முதல் 320 மில்லிகிராம். அதாவது அரை கிராமுக்கும் குறைவு. தங்கம் நிறுக்கும் தராசில்தான் நிறுக்க வேண்டிய அளவு. ஆனால் இது தினமும் வந்து சேர வேண்டும். உண்பதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேல்தான் குடல் உறிஞ்சுகிறது.

எந்தச் சரக்கில் எவ்வளவு?

கீழே உள்ளவை 100 கிராம் எடைக்கு, மில்லிகிராம் கணக்கில், தோராயமான அளவுகள். விளைந்த மண்ணையும் ரகத்தையும் பொறுத்துக் கூடும், குறையும்.

எள்: சுமார் 350
முந்திரி, பாதாம்: 270 முதல் 310
நிலக்கடலை: 170 முதல் 200
பயறு, கடலை, பருப்பு வகைகள்: 100 முதல் 200
கேழ்வரகு: சுமார் 140
சோளம்: 130க்கு மேல்
கம்பு: 125 முதல் 135
முழுக் கோதுமை மாவு: சுமார் 130
தீட்டிய வெள்ளை அரிசி: 20 முதல் 30
மைதா: 20 முதல் 30
வாழைப்பழம்: சுமார் 27
வெள்ளைச் சர்க்கரை, சுத்திகரித்த எண்ணெய்: ஏறக்குறைய ஒன்றுமில்லை

இந்தப் பட்டியலில் கோதுமை மாவையும் மைதாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கோதுமையிலிருந்து வந்தவை. மேல் தோலையும் முளைக்கருவையும் நீக்கி மைதாவாக்கும்போது மக்னீசியத்தில் ஐந்தில் நான்கு பங்கு போய்விடுகிறது. அரிசியிலும் இதே கதைதான். மில்லில் தீட்டத் தீட்ட அரிசி வெளுக்கிறது. சத்து தவிட்டோடு போகிறது.

எண்ணெய் விஷயத்திலும் ஒரு கவனம் வேண்டும். எள்ளில் நிறைய மக்னீசியம் இருப்பதால் நல்லெண்ணெயிலும் இருக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. தாது உப்புகள் எண்ணெயில் இறங்குவதில்லை. செக்கில் ஆட்டும்போது அவை புண்ணாக்கிலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே தவிடும் புண்ணாக்கும் தின்னும் மாட்டுக்கு மக்னீசியம் போகிறது. வெள்ளை அரிசியும் எண்ணெயும் வாங்கும் வீட்டுக்காரருக்குப் போவதில்லை.

இந்தப் படிப்பினை உலகத்துக்குப் புதிதல்ல. 1890களில் ஜாவா தீவில் பணியாற்றிய கிறிஸ்டியான் எய்க்மேன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகளுக்குக் கால் விளங்காமல் போவதையும், தீட்டாத அரிசி கொடுத்தால் அவை தேறுவதையும் கண்டார். அங்கே குறைந்தது பி1 வைட்டமின், மக்னீசியம் அல்ல. ஆனாலும் தவிட்டோடு சத்தும் போய்விடுகிறது என்ற உண்மையை அந்தக் கோழிகள்தாம் உலகுக்குக் காட்டின. இதற்காக எய்க்மேனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

தீட்டுவது ஏன்?

வணிகராகிய நமக்கு இதன் மறுபக்கமும் தெரியும். தவிட்டிலும் முளைக்கருவிலும் எண்ணெய்ப் பசை உண்டு. அது காற்றுப் பட்டால் சிக்குப் பிடிக்கும். கைக்குத்தல் அரிசியில் வண்டு சீக்கிரம் விழும். கம்பு மாவு அரைத்த சில நாட்களிலேயே கசக்கத் தொடங்கும். மைதாவும் வெள்ளை அரிசியும் மாதக்கணக்கில் தாங்கும். ஆகவே மில்காரர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் என மூவருக்குமே தீட்டிய சரக்கு வசதி. வாங்குபவர்களும் வெளுப்பையே கேட்டார்கள். எவரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல. ஆனால் நம் வசதிக்காக நீக்கிய பொருள் வாடிக்கையாளர் வீட்டுத் தட்டில் குறைகிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

குறைந்தால் என்ன ஆகும்?

உணவில் சிறிது குறைந்த உடனே நோய் வந்துவிடாது. சிறுநீரகம் மக்னீசியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் கடுமையாகக் குறையும்போது பசியின்மை, குமட்டல், சோர்வு, பலவீனம் தோன்றும். இன்னும் குறைந்தால் மரமரப்பு, தசைப்பிடிப்பு, வலிப்பு, இதயத் துடிப்பில் கோளாறு வரை போகலாம். இரத்தத்தில் கால்சியமும் பொட்டாசியமும்கூடக் குறைந்துவிடும்.

யாருக்குக் குறைய வாய்ப்பு அதிகம்? கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு உள்ளவர்களுக்குச் சிறுநீரோடு இது வெளியேறுகிறது. நாட்பட்ட வயிற்றுப்போக்கு, குடல் நோய் உள்ளவர்கள், மதுப்பழக்கம் உள்ளவர்கள், வயதானவர்கள், சிறுநீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கும் குறையலாம். நெஞ்செரிச்சலுக்காக அமிலத்தைக் குறைக்கும் சில மாத்திரைகளை ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டால் மக்னீசியம் குறையக்கூடும் என்று 2011இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. நேரம் தவறிச் சாப்பிட்டு நெஞ்செரிச்சலுக்குத் தானாகவே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் வணிகர்கள் நம்மில் ஏராளம். அவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

நீண்ட நாள் நலனுக்கு உதவுமா?

இங்கே அளவோடு பேச வேண்டும். மக்னீசியம் நிறைந்த உணவை உண்பவர்களிடையே நீரிழிவு குறைவாகக் காணப்படுவதாகப் பல ஆண்டுகள் தொடர்ந்து நடந்த ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் அப்படி உண்பவர்கள் முழுத்தானியமும் காய்கறியும் பயறும் கூடவே உண்பவர்கள். பலன் மக்னீசியத்தால் மட்டும் வந்ததா, அந்த உணவு முழுவதாலும் வந்ததா என்று தனியே பிரிப்பது கடினம். 1997இல் அமெரிக்காவில் வெளியான புகழ்பெற்ற 'டாஷ்' உணவு ஆய்வில் காய், பழம், கொழுப்புக் குறைந்த பால் பொருள்கள் மிகுந்த உணவு இரத்த அழுத்தத்தைக் குறைத்தது. அந்த உணவில் மக்னீசியமும் அதிகம், பொட்டாசியமும் கால்சியமும் அதிகம். மக்னீசிய மாத்திரையைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது இரத்த அழுத்தம் குறைந்த அளவு சிறியதே. சராசரியாக 2 புள்ளி அளவுதான்.

இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுப்பதற்கு மக்னீசிய மாத்திரை நல்லது என்று பலரும் சொல்கிறார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டு 2020இல் வெளியான காக்ரேன் அறிக்கை, முதியவர்களின் கால் பிடிப்பைத் தடுப்பதில் அதனால் குறிப்பிடத்தக்க பயன் இருக்க வாய்ப்பில்லை என்றே முடித்தது. கால் பிடிப்பு ஓயாமல் வந்தால் மாத்திரை தேடாமல் மருத்துவரிடம் காட்டுவதே முறை. அதற்குப் பின்னால் நீரிழிவோ வேறு காரணமோ இருக்கலாம்.

மருத்துவமனையில் இதன் பயன் ஐயமில்லாமல் நிலைநாட்டப்பட்ட இடமும் உண்டு. கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் அபாயம் உள்ள தாய்மார்களுக்கு மக்னீசியம் சல்பேட் ஊசி கொடுத்தால் அந்த அபாயம் பாதியாகக் குறைகிறது என்று 2002இல் வெளியான, 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. அது மருத்துவர் கையில் இருக்க வேண்டிய மருந்து. வீட்டு வைத்தியம் அல்ல.

ஆகச் சுருக்கமாகச் சொன்னால், உணவின் வழியாக மக்னீசியம் போதிய அளவு சேர்வது நீண்ட நாள் நலனுக்கு நல்லது. மாத்திரை அந்த உணவுக்கு ஈடாகாது.

கடைக்காரரின் ஒரு நாள்

இப்போது நம் தட்டைப் பார்ப்போம். விடியற்காலை டீ. ஒன்பது மணிக்கு இட்லி. பதினொரு மணிக்கு டீயும் மைதா பிஸ்கட்டும். மதியச் சாப்பாடு கூட்டம் குறைந்தபின் மூன்றரை மணிக்கு. வெள்ளைச் சோறும் தெளிவான ரசமும் அப்பளமும். மாலையில் மீண்டும் டீயும் பஜ்ஜியும். கடை சாத்திவிட்டு இரவு பத்தரைக்குப் பரோட்டா. இந்த நாளில் மக்னீசியம் தேவையில் பாதியை ஒட்டியே நிற்கும். அதுவும் இட்லியிலுள்ள உளுந்தின் தயவால்தான்.

இதையே சிறிது மாற்றிப் பார்ப்போம். காலையில் 50 கிராம் கேழ்வரகு மாவில் கூழோ அடையோ என்றால் 70 மில்லிகிராம். பதினொரு மணிக்குப் பிஸ்கட்டுக்குப் பதில் 30 கிராம் பாசிப்பயறில் சுண்டல் என்றால் 55. மதியம் 200 கிராம் அரிசிச் சோற்றில் 40, அதோடு 40 கிராம் பருப்பில் 50, ஒரு கிண்ணம் கீரையில் 60. மாலையில் ஒரு பிடி, அதாவது 30 கிராம் நிலக்கடலையில் 50. இரவு 75 கிராம் கோதுமை மாவில் சப்பாத்தி என்றால் 95. கூட்டினால் 420. இதில் ஒரு பொருள்கூட வெளியிலிருந்து வாங்க வேண்டியதில்லை. கீரை தவிர எல்லாம் நம் கடையிலேயே உண்டு.

சமைப்பதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. தானியத்திலும் பயறிலும் உள்ள பைட்டிக் அமிலம் என்ற பொருள் மக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு குடலுக்குப் போகவிடாமல் தடுக்கும். ஊறவைத்தல், முளைகட்டுதல், மாவைப் புளிக்கவைத்தல் ஆகியவற்றால் அது குறைகிறது. நம் இட்லி மாவும் முளைப்பயறும் புளித்த கூழும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. கீரையையும் காயையும் வேகவைத்த நீரைக் கீழே கொட்டினால் அதில் கரைந்த மக்னீசியமும் போய்விடும். அந்த நீரை ரசத்திலோ குழம்பிலோ சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

கடையில் செய்ய வேண்டியவை

1. முழுத்தானியம், சிறுதானியம், கைக்குத்தல் அரிசி ஆகியவற்றைக் குறைந்த அளவில் அடிக்கடி கொள்முதல் செய்யுங்கள். முதலில் வந்தது முதலில் விற்க வேண்டும். மூட்டையில் தேதி எழுதி வையுங்கள்.

2. கம்பு, கேழ்வரகு மாவுகளை அதிகம் இருப்பு வைக்காதீர்கள். கூடுமானவரை தானியமாகவே விற்று, வேண்டும்போது அரைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

3. நிலக்கடலையில் பூஞ்சாணம் பிடித்தது, சுருங்கியது, நிறம் மாறியது இருந்தால் தள்ளிவிடுங்கள். அந்தப் பூஞ்சாணத்தின் நச்சு ஈரலைக் கெடுக்கும். சத்துக்காக வாங்கிப் போகும் பொருள் நஞ்சாகக் கூடாது.

4. "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் கேழ்வரகு", "பிரஷரை விரட்டும் எள்" என்றெல்லாம் பலகை எழுதி வைக்காதீர்கள். இப்படிப்பட்ட நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி தவறான உணவு விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. சட்டத்தை விடப் பெரிய காரணமும் இருக்கிறது. நம் பலகையை நம்பி ஒருவர் மருந்தை நிறுத்திவிட்டால் அந்தப் பழி யாரைச் சேரும்?

வாடிக்கையாளர் கேட்டால்...

"மாத்திரையா வாங்கிச் சாப்பிடலாமா அண்ணாச்சி?" என்று கேட்டால், மருத்துவர் சொல்லாமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். மாத்திரையில் அளவு மிஞ்சினால் வயிற்றுப்போக்கு வரும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மக்னீசியம் உடம்பில் தேங்கி ஆபத்தாகலாம். சிலவகை ஆன்டிபயாடிக் மருந்துகளோடு சேர்த்துச் சாப்பிட்டால் அந்த மருந்து வேலை செய்யாமலும் போகலாம்.

"சாப்பாட்டிலிருந்து அளவு மிஞ்சிப் போகுமா?" என்று கேட்டால், நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கு அந்தப் பயமில்லை, மிஞ்சியதை உடம்பே வெளியேற்றிவிடும். சிறுநீரக நோயாளிகளுக்கோ பயறு, கடலை, கீரையிலும் கட்டுப்பாடு இருக்கும். அவர்களிடம் மருத்துவர் கொடுத்த பட்டியலையே பின்பற்றச் சொல்லுங்கள்.

"முந்திரி, பாதாம் வாங்க வசதியில்லையே" என்று தயங்குபவர்களிடம் எள்ளையும் நிலக்கடலையையும் உளுந்தையும் காட்டுங்கள். விலை குறைந்த சரக்கைக் காட்டினால் அன்றைய லாபம் சில ரூபாய் குறையலாம். ஆனால் உண்மையைச் சொன்ன கடைக்கு அந்த வாடிக்கையாளர் மாதா மாதம் வருவார் என்பது நம் அனுபவத்தில் தெரிந்ததே.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நாளைக் காலை பதினொரு மணிக்கு டீ வரும்போது பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல், வறுத்த நிலக்கடலையில் ஒரு பிடி எடுத்துக்கொள்ளுங்கள். கடைப் பையனுக்கும் ஒரு பிடி கொடுங்கள். அவனும் நம்மைப் போலவே காலை முதல் இரவு வரை அங்கேதான் நிற்கிறான்.